துவாய்க்குள் பொத்திய கை

துறைமுக மீன்சந்தையில் வாய்க்கு எத்தனையோ வேலை இருந்தது. வெற்றிலை மெல்லலாம், பக்கத்துக் கடைக்காரனின் பாரை நேற்றையது என்று சொல்லலாம், பெற்ற பிள்ளைகள் மேல் ஆணையிடலாம். விலை பேசுவது மட்டும் வாயின் வேலையல்ல. அது கையின் வேலை.

தரகர் கதிரவேல் தோளில் துண்டாகக் கிடக்கும் சிவப்புக்கோட்டுத் துவாயை எடுத்து இடது முழங்கையில் தொங்கவிடுவார். அதன் மறைவில் அவருடைய வலது கை காத்துக்கொண்டிருக்கும். வாங்க வந்த முதலாளி தன் கையை உள்ளே விட்டு அவருடைய விரல்களைப் பிடித்து அழுத்துவார். எந்த விரல், எத்தனை தரம் என்பதில் விலை இருக்கும். பிறகு அடுத்தவர், அதற்கடுத்தவர். எல்லாக் கைகளையும் வாசித்து முடிந்ததும் கதிரவேல் ஒரேயொரு பெயரைச் சொல்வார். மீன் அந்தப் பெயருக்குப் போகும். மற்றவர்கள் எவ்வளவு கேட்டார்கள் என்பது அந்தத் துவாயை விட்டு வெளியே வராது. ஒரு வியாபாரி எதுவரை போவான் என்பது அடுத்த வியாபாரிக்குத் தெரிந்துவிட்டால், அவன் சந்தை நடுவில் இடுப்பில் சாரமில்லாமல் நிற்கிறான் என்று பொருள்.

கதிரவேல் இருபது வருடத்துக்கு மேலாக இந்தத் துவாயைப் பிடிக்கிறார். அவர் பிழையாக வாசித்தார் என்று ஒருவரும் சொன்னதில்லை. ஐஸ் பிடித்து மரத்த கை, தூண்டில் கிழித்த கை, அத்தர் பூசிய கை எல்லாம் அவருக்கு ஒன்றுதான். கதிரவேலின் கை பொய் சொல்லாது என்ற ஒரு வசனத்தின் மேல்தான் அந்தச் சந்தை முழுவதும் குந்திக்கொண்டிருந்தது. அவருக்கும் உலகத்தில் சொந்தமென்று சொல்ல அந்த வசனத்தைத் தவிர வேறெதுவும் இருக்கவில்லை. ஏன் இருக்கவில்லை என்பதை ஊர் முழுக்கப் பாட்டாகப் பாடியது.

பாட்டுக்கு வருவோம். அதற்கு முன்னால் லொறி.

ஆண்டுதோறும் துறைமுகக் கானிவேல் நடக்கும்போது பகுதிக்கொரு லொறி சோடித்து ஊர்வலமாக விடுவார்கள். மேளம், ஆட்டம், பாட்டு எல்லாம் லொறியின் மேலேயே. நல்ல லொறிக்கு வெள்ளிக் கோப்பை. மூன்று வருடமாகக் கோப்பை கப்பல்துறைப் பொடியன்களிடம் போய்க்கொண்டிருந்தது. மீன்சந்தைக் கழகம் போன வருடம் கந்தளாய்க் குளத்தைத் தென்னங்குருத்தால் கட்டி எழுப்பியது. ஊர்வலத்துக்கு முன்பே, மாடுகளைப்போல வீதியில் திரிகிற ஊர் மான்கள் வந்து குளக்கட்டைத் தின்றுவிட்டன. மிச்சக் குளத்தோடு போய் நின்றதில் சந்தைக்கே மானம் போயிற்று.

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தொன்பதாம் ஆண்டுக் கூட்டம் ஐஸ்கொட்டிலில் கூடியது. கழகத் தலைவர் அப்துல் மஜீத் ஹாஜியார் கதிரையில் இருந்தார். ஐஸ், லொறி இரண்டும் அவருடையவை. ஆகவே கழகமும் அவருடையதுதான் என்று சொன்னால் அவர் மறுப்பார், ஆனால் கோபிக்கமாட்டார். அவருடைய மருமகன் பாயிஸ், கப்பல்களுக்குச் சாமான் ஏற்றிக்கொடுப்பவன், ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையை விரித்துப் பிடித்துக்கொண்டு எழும்பினான். கோதுமைக் கப்பலில் வந்த ஒரு பிரேசில்காரன் கொடுத்ததாம். படத்தில் இறகு வைத்த பெண்கள். முன்வரிசை முழுதும் கழுத்தை நீட்டியது.

"இது அவங்கட ஊர்க் கானிவேல். அங்க சம்பாப் பள்ளிக்கூடம் எண்டு பகுதிக்கொண்டு இருக்காம். படிக்கிற பள்ளிக்கூடமில்ல, ஆடுற பள்ளிக்கூடம்."

"சம்பா எண்டா கிளிவெட்டியில விளையிற நெல்லெண்டல்லவா நான் இவ்வளவு காலமும் நினைச்சிருந்தன்," என்றார் இறால் வியாபாரி முத்தலிப்.

"நானா, கொஞ்சம் பொறுங்க. வருசத்துக்கு ஒரு கருப்பொருள் எடுப்பாங்களாம். பாட்டு, மேளம், உடுப்பு, வண்டி எல்லாம் அதைப் பத்தித்தான். இந்த வருசம் ஒரு பள்ளிக்கூடம் தங்கட ஊர்ப் பாட்டுக்காரனையே கருப்பொருளா எடுத்திருக்கு. ஆள் உசிரோட இருக்கான். வண்டியில ஏத்தி ராசா மாதிரிக் கொண்டு போறாங்க. கப்பல்துறையான் இதக் கனவிலயும் யோசிக்கமாட்டான்."

"அப்ப எங்கட பாட்டுக்காரன் ஆர்?" என்று யாரோ கேட்டார்.

பதில் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் ஒருவரும் கதிரவேலின் பக்கம் திரும்பவில்லை. முப்பது கண்கள் ஒரு மனிதனைக் கவனமாகப் பார்க்காமல் இருந்தால் அந்த மனிதனுக்கு உடம்பெல்லாம் அரிக்கும். கதிரவேலுக்கு அரித்தது.

கிற்றார் றெஜி இந்தத் துறைமுகத்தில் பிறந்து, இங்கேயே கள்ளுக்கொட்டில் வாசல்களில் தந்தியைத் தட்டிக்கொண்டு திரிந்தவன். இப்போது றேடியோவில் அவன், கலியாண வீட்டில் அவன், புதிதாக வந்திருக்கிற கசற்றிலும் அவன். அவனைக் கொழும்பில் தூக்கிவிட்ட பாட்டு இது:

*துவாய்க்குள்ள கையை விட்டு விலைபேசும் தரகரே*
*வீட்டுக்குள்ள போன விலை விளங்கலையோ தரகரே*

தரகரின் பெயர் பாட்டில் இல்லை. ஊருக்குப் பெயர் தேவைப்படவுமில்லை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கதிரவேலின் மனைவி வள்ளிநாயகி கொழும்பு ரயிலேறினாள், அதே ரயிலில் ஒரு கிற்றாரும் ஏறியது. சில மாதத்தில் கிற்றார்காரன் அவளை ஒரு வாடகை அறையில் விட்டுவிட்டு, அவளுடைய புருஷனைப் பற்றிய இந்தப் பாட்டோடு மட்டும் மேலே போனான். கதிரவேலுக்கு விளங்கவில்லை என்கிறது பாட்டு. அவருக்கு விளங்கியிருந்தது. அவள் போகப்போகிறாள் என்பது அவளுக்கே தெரியுமுன் அவருக்குத் தெரியும். போக விரும்புகிறவளைப் பிடித்துவைக்க அவர் விரும்பவில்லை. ஆனால் அது வேறு கதை, அதற்கு மெட்டுக் கிடையாது.

பஸ்ஸில் கொண்டக்டர் பாடுவான். தேத்தண்ணிக் கடையில் இவரைக் கண்டதும் றேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பார்கள். பாதைத்துறையில் படகுக்கு நிற்கும்போது பின்னாலிருந்து விசில் வரும், மெட்டு மட்டும். எல்லாவற்றையும் கதிரவேல் விழுங்கினார். விழுங்க முடிந்ததற்குக் காரணம், காலையில் துவாயை விரித்ததும் அந்த வாய்களெல்லாம் மூடிக்கொண்டு கைகளை உள்ளே நீட்டும் என்பதுதான். இப்போது இந்த லொறி, இந்தக் கைகளுக்குச் சொந்தமான லொறி, றெஜியை மேலே வைத்துக்கொண்டு, பாட்டுக்கேற்ற கோமாளித் தரகர் ஒருவரையும் ஆடவிட்டுக்கொண்டு ஊரைச் சுற்றப்போகிறது.

"வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு துவாய் வைப்பம்," என்றார் ஹாஜியார்.

கழகத்தில் எந்த விஷயமானாலும் தீர்மானிப்பது இப்படித்தான். கடைக்கு ஒரு கை. துவாய்க்குள் விரலை நீட்டினால் ஓம். விரலை மடக்கிப் பொத்திப் பிடித்தால் ஏலாது. ஒரேயொரு பொத்திய கை இருந்தாலும் விஷயம் விழுந்துவிடும், ஏனென்றால் லொறிக்கு எல்லாக் கடையும் ஆளும் பொருளும் கொடுக்கவேண்டும், அரைமனதோடு கொடுத்த பொருளால் ஒரு வருடம் நடுவீதியில் அச்சு முறிந்து நின்ற அனுபவம் இருந்தது. பொத்தியது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்வது விலையைச் சொல்வதைப் போன்ற பாவம். துவாய் பிடிப்பவருக்குக் கை கிடையாது, அவர் வாசிக்க மட்டும்தான்.

அப்படியானால் இந்த முறை துவாயைப் பிடிப்பது யார்? இந்தக் கேள்வி அந்தக் கொட்டிலில் ஒரு தலைக்குள்ளும் எழவில்லை. ஹாஜியாரே கதிரவேலைக் கூப்பிட்டு, "பிந்தாம வந்திரு கதிரவேல், உன்ர கைய விட்டா வேற எந்தக் கைய இவனுகள் நம்புவானுகள்?" என்றார். ஒருவனைத் தூக்கிலிடும் கயிற்றைத் திரிக்க அவனிடமே கொடுக்கிறோம் என்ற எண்ணம் அவருக்கு இல்லை. நல்ல கயிறு திரிப்பவன் அவன்தானே என்ற எண்ணம்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அவர்கள் வரத் தொடங்கினார்கள்.

முதலில் கருவாட்டுக் குலசிங்கம். கதிரவேலோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர், வள்ளிநாயகி சமைத்த சோற்றை எத்தனையோ நாள் சாப்பிட்டவர். தோளில் கை போட்டு, கருவாட்டு வாசத்தோடு காதுக்குள் வந்தார்.

"அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நான் பொத்தித்தான் வைப்பன். என்ர பிள்ளையள் ஆணை."

"உம்மை நான் ஒண்டும் கேக்கேல்லையே, குலசிங்கம்."

"கேக்க வேணுமோ? நான் என்ன மிருகமோ? அந்த நாய் செய்த வேலைக்கு அவனை லொறியில ஏத்திறதோ?"

முத்தலிப் இறால்கூடைக்கு அந்தப் பக்கம் நின்றே சொன்னார். "வல்லாஹி, கதிரவேல், என்ட கை பொத்தினபடிதான் வரும், பொத்தினபடிதான் போகும். மத்தவனப் பத்தி எனக்குத் தெரியா."

மற்றவர்களும் ஒவ்வொரு சாக்கில் வந்தார்கள். ஒருவர் மூக்குப்பொடி கேட்டு, ஒருவர் நேரம் கேட்டு. கடைசியில் பாயிஸே வந்தான், அந்த யோசனையைப் பெற்று வளர்த்தவன். அவனுக்கும் சந்தையில் ஒரு சிறிய கணவாய்க் கடை இருந்தது.

"அண்ணே, மாமாட முகத்துக்கு முன்னால எனக்குக் கதைக்க ஏலாது. யோசனை சொன்னது நான்தான், அது கழகத்துக்காக. ஆனா துவாய்க்குள்ள என்ட மனச்சாட்சி இருக்கெல்லோ. நான் பொத்துவன்."

"அப்ப ஏன் தம்பி எடுத்துவிட்டனீர்?"

"கோப்பை வேணுமே அண்ணே," என்றான் பாயிஸ், கண்கலங்க.

சந்தை வாசலில் பிட்டும் பிளேன்ரீயும் விற்கிற பல்கீஸ் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கழகத்தில் கை கிடையாது, அதனால் கண் நன்றாகத் தெரியும்.

"எத்தினை பேர் வந்து சொன்னாங்க தம்பி?"

"எல்லாரும்தான் ராத்தா. ஹாஜியாரைத் தவிர."

"ஒருத்தன் வந்து சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பன்," என்று சொல்லிவிட்டு அவள் பிட்டுக்குழலைத் தட்டினாள்.

கதிரவேலுக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. சொல்லப்போனால் அந்த மூன்று நான்கு நாளும் அவருக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி இருந்தது. பாட்டுக்குச் சிரித்தவர்கள்தான், ஆனாலும் மனிதர்கள், ஒரு எல்லை தெரிந்தவர்கள் என்று நினைத்தார். ஒருவர் போதுமே. அத்தனை பேரில் ஒரு கை பொத்தியிருந்தால் போதும்.

வெள்ளிக்கிழமை கொட்டிலில் ஐஸ் மரத்தூளுக்குள் கிடந்து சொட்டிக்கொண்டிருந்தது. கதிரவேல் துவாயை விரித்தார். பேச்சு அடங்கியது.

குலசிங்கம்தான் முதலில் வந்தார். உள்ளே வந்த கை உப்பில் வெடித்து ஈரமாக இருந்தது. வெளியே அவருடைய முகம் கதிரவேலை நேராகப் பார்த்து, நான் இருக்கிறேன் என்று சொல்வதுபோல் ஒருதரம் இமைத்தது. உள்ளே அவருடைய சுட்டுவிரல் நீண்டது. கதிரவேலின் உள்ளங்கையில் அது நேராக, விறைப்பாக, கருவாட்டு முள்ளைப்போல நின்றது.

கதிரவேல் ஒரு கணம் தன் கையையே சந்தேகித்தார். விரலை மெதுவாகத் தடவிப் பார்த்தார். விரல்தான்.

முத்தலிப்பின் கை மோதிரத்தோடு வந்தது. பொத்தியபடிதான் வந்தது, அந்த மட்டில் சத்தியம் பிழைக்கவில்லை. உள்ளே வந்த பிறகு பல்லியின் நாக்கைப்போல ஒரு விரல் வெளியே பாய்ந்து தொட்டுவிட்டு உள்ளே போயிற்று. வெளியே அவர் பெருமூச்சு விட்டு, மாரில் கை வைத்து, "அல்லாஹ் போதுமானவன்," என்றார்.

அதற்குப் பிறகு வந்தவை கதிரவேலுக்கு ஒன்றாகக் கலந்துபோயின. தடித்த விரல், நகம் வளர்ந்த விரல், ஐஸில் சுருங்கிய விரல், பொடி வாசம் வீசுகிற விரல். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு துக்கமுகம். செத்தவீட்டில் வரிசையாகக் கைகொடுக்க வந்தவர்களைப்போல வெளியே தலையைச் சரித்துக்கொண்டு, உள்ளே அவருடைய உள்ளங்கையில் குத்திவிட்டுப் போனார்கள். பாயிஸின் மனச்சாட்சி அத்தர் மணத்தது, நீளமாக, மெதுமெதுவென்று இருந்தது. கடைசியாக ஹாஜியார். அவருடைய விரல் ஆணி அறைவதுபோல் வந்து நின்றது. அவர் ஒன்றும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை. அந்த ஒரு விரலை மட்டும் கதிரவேலால் அருவருப்பில்லாமல் பிடிக்க முடிந்தது.

துவாயை மடிக்காமல் அவர் நின்றார். எல்லாருடைய முகத்தையும் பார்த்தார். ஒரு முகத்திலும் பதற்றம் இல்லை. அப்போதுதான் அவருக்கு முழுக்கணக்கும் பிடிபட்டது. ஒவ்வொருவரும் மற்றவன் பொத்துவான் என்று விட்டிருக்கிறார்கள். பொத்துவதற்கு ஒருவன் போதுமே, அது ஏன் நானாக இருக்கவேண்டும்? ஹாஜியாரின் ஐஸ் எனக்குத் தேவை, லொறி தேவை, கிழவன் எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டால்? மற்றவன் பொத்தட்டும். கதிரவேல் தப்பட்டும், என் கையும் சுத்தமாகக் கிடக்கட்டும். இறாலுக்கும் கணவாய்க்கும் தீட்டித் தீட்டி வைத்த மூளைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஒரே கெட்டித்தனத்தைச் செய்திருந்தன.

அவர்கள் இப்போது காத்துக்கொண்டிருந்தது அந்த ஒரு சொல்லுக்கு. "ஒண்டு பொத்தி" என்று அவர் சொன்னால் போதும். லொறி இல்லை, றெஜி இல்லை, கோமாளி இல்லை. உலகத்தில் ஒருவராலும் அது பொய்யென்று கண்டுபிடிக்க ஏலாது. எல்லாருமே நிம்மதியாக வீட்டுக்குப் போவார்கள்.

போகமாட்டார்கள். அதையும் கதிரவேல் கண்டார். போவதற்கு முன்னால் குலசிங்கம் வருவார், காதுக்குள்: அண்ணை, அது நான்தான். பிறகு முத்தலிப், கூடைக்கு மேலால்: சொன்னனே. பிறகு பாயிஸ், கண்கலங்கி. அந்த ஒரு பொய்க்கையை அத்தனை பேரும் தங்கள் கையென்று கொண்டுவருவார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தலையாட்ட வேண்டும், நன்றி சொல்ல வேண்டும், செத்துப் போகும்வரை அந்த நன்றியைச் சுமக்க வேண்டும். தானே கட்டிய பொய்யை இந்த வாய்களிலிருந்து திருப்பி வாங்கித் தின்ன வேண்டும்.

பாட்டு அதைவிட மேல்.

"பொத்தின கை இல்லை," என்றார் கதிரவேல். "எல்லாம் விரல்."

ஒருவரையொருவர் பார்த்தார்கள், உடனே பார்க்காமல் விட்டார்கள். தங்களுக்குள் யார் பொய்யன் என்று தேட அங்கே இடமிருக்கவில்லை, எல்லாரும்தான். பொத்துவேன் என்று தான் சொன்ன மனிதனுக்கு முன்னால், தான் நீட்டிய விரலோடு ஒவ்வொருவரும் நின்றார்கள்.

"அண்ணை," என்றார் குலசிங்கம், "வடிவாப் பாத்தனீங்களோ?"

"வடிவாப் பாத்தனான்."

ஹாஜியாருக்கே ஆச்சரியம். ஒரு பொத்திய கையை அவரும் எதிர்பார்த்திருக்க வேண்டும். "வேணுமெண்டா இன்னொருக்கா வைப்பமா?" என்றார்.

"ஓம், ஓம், இன்னொருக்கா," என்று நாலைந்து குரல்கள் எழும்பின. இப்போது பொத்துவதற்கு எல்லாக் கைகளும் தயாராக இருந்தன. கதிரவேல் துவாயை உதறித் தோளில் போட்டார்.

"துவாய்க்குள்ள ஒருக்காப் போன மீனைத் திருப்பி ஏலத்துக்கு எடுத்திருக்கிறமா, ஹாஜியார்?"

வாசலில் பல்கீஸிடம், பிளேன்ரீக்குப் புளிப்பாகப் பிழிகிற தேசிக்காய் ஒன்று வாங்கி, பாதியாகப் பிளந்து, உள்ளங்கையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். இருபது வருடமாக மீன்வாசக் கைகளைப் பிடித்த கை, அந்த வாசம் அவருக்கு ஒருநாளும் உறைத்ததில்லை. பல்கீஸ் மற்றப் பாதியையும் எடுத்து நீட்டினாள்.

கானிவேல் வந்தது. லொறியைப் பாராமல் வீட்டில் கிடந்திருக்கலாம். ஒளித்தான் என்று சொல்லுவார்கள் என்பதற்காகக் கதிரவேல் சந்தை வாசலில் பல்கீஸின் வாங்குப் பலகையிலேயே இருந்தார். றபான், மேளம், இரண்டு பெரிய ஸ்பீக்கர். லொறிக்கு நடுவில் தங்கத்தாள் ஒட்டிய கதிரையில் கிற்றார் றெஜி. கொழுத்துப்போயிருந்தான், மயிருக்குப் பூசிய மை வேர்வையோடு கழுத்தில் ஒழுகியது. ஒரு கையால் சனத்துக்கு ரொபி மிட்டாய் எறிந்தான். மற்றக் கையால் தொந்தியைத் தாளத்துக்குத் தட்டினான். அவனுக்கு முன்னால், மூங்கிலும் கடதாசியும் கொண்டு கட்டிய ஆளுயரத் தரகர், சிவப்புக்கோட்டுத் துவாயோடு. கயிற்றை இழுத்தால் துவாய்க்குள்ளிருந்து கத்தரிக்காய் மாதிரி ஐந்து விரல் எழும்பி ஆடியது.

"மச்சான், சுகமோ?" என்று றெஜி மேலேயிருந்து கத்தினான். ஒரு ரொபி கதிரவேலின் மடியில் வந்து விழுந்தது.

கதிரையைச் சுற்றி முதலாளிமார் மினுங்கல் சாரத்தில் ஆடினார்கள். குலசிங்கம் கதிரவேலைக் கண்டதும் மேளக்காரனுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். இடுப்பு மட்டும் நிற்கவில்லை.

பல்கீஸ் அந்த ரொபியை இரண்டு விரலால் எடுத்து, சாக்கடைக்குள் போட்டாள்.

கோப்பை கிடைத்தது. இரவு லொறியை வெளியில் விட்டிருந்தார்கள், விடிய மான்கள் தரகரின் ஐந்து விரலையும் தின்றிருந்தன. றெஜியின் தங்கத்தாளை முகர்ந்துபார்த்துவிட்டு விட்டிருந்தன.

இதோடு முடிந்திருந்தால் கதிரவேல் மனிதர்களைப் பற்றி ஒரு நிதானமான அபிப்பிராயத்துக்கு வந்திருப்பார். கோப்பையைக் கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டிய மறுநாள் குலசிங்கம் வந்தார். தோளில் கை, காதுக்குள் வாய்.

"அண்ணை, மனசு கேக்கேல்லை, சொல்லிப்போடுவம் எண்டு வந்தனான். அண்டைக்கு நான் பொத்தித்தான் பிடிச்சனான். ஈரக் கையெல்லோ. வழுக்கி ஒரு விரல் வெளியில நீட்டுப்பட்டிருக்கும். உங்களுக்குப் பிடிபடேல்லை."

கதிரவேல் தோளிலிருந்து அவருடைய கையை எடுத்துவிட்டார்.

பின்னேரம் முத்தலிப். "மோதிரம், கதிரவேல், மோதிரம். அதத்தான் நீ விரலெண்டு நினைச்சிருக்கா. பரவாயில்ல, நான் ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன்."

பாயிஸ் அன்பாகவே சொன்னான். "வயசு போகப் போக விரல்ல உணர்ச்சி கொறையுமாமே அண்ணே. கப்பல் டொக்டர் ஒருத்தரத் தெரியும், காட்டுவமா?"

மற்றவர்களும் வந்தார்கள். ஒவ்வொருவரும் அவரை மன்னித்தார்கள். பொய்யைச் சொல்லியிருந்தால் அதை வாங்கிப் பங்குபோட்டிருப்பார்கள். உண்மையைச் சொன்னதற்கு அவருடைய கையையே பங்குபோட்டுக்கொண்டார்கள். மனைவியைக் கொண்டுபோனவன்கூட அவருடைய கையைத் தொடவில்லை.

அடுத்த நாள் காலை நிலாவெளிப் பக்கமிருந்து வந்த வள்ளங்கள் அறக்குளாவால் நிரம்பியிருந்தன. பெரிய மீன், கண் கண்ணாடிபோல. சந்தை கொதித்தது. கதிரவேல் துவாயை முழங்கையில் போட்டார். ஹாஜியார் கையை விட்டார், கதிரவேல் வாசித்தார். அடுத்து குலசிங்கம் கையை நீட்டிக்கொண்டு வந்தார்.

கதிரவேல் துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்ன அண்ணை?"

"உங்கட கை எனக்குப் பிடிபடாது. நீங்கள்தானே சொன்னனீங்கள். வாயால சொல்லுங்கோ."

சந்தை சிரித்தது. முத்தலிப்தான் பலமாகச் சிரித்தார்.

"உங்களுக்கும் அப்பிடித்தான் நானா, மோதிரம் எனக்கு இடைஞ்சல். பாயிஸ் தம்பி, உமக்கும். ஆராருக்கு என்ர விரல் பிழை விட்டதோ, அவையெல்லாம் வாயால கேளுங்கோ. மற்றவைக்குத் துவாய் இருக்கு."

சிரிப்பு நின்றது. மற்றவர்கள் என்று அங்கே ஹாஜியார் ஒருவர்தான் இருந்தார். அவர் தாடியைத் தடவிக்கொண்டு அறக்குளாக்களை ஒருமுறை அன்போடு பார்த்தார்.

குலசிங்கம் வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. எல்லாரும் கேட்க, முத்தலிப் கேட்க, தன்னுடைய விலையை உரக்கச் சொல்வதா? ஒரு பக்கம் விலை, மறுபக்கம் வெட்கம். அவருடைய கண்கள் இரண்டையும் தராசில் போட்டு நிறுப்பதைக் கதிரவேல் பார்த்தார். அதிகம் நேரம் எடுக்கவில்லை. வெட்கத்துக்கு அந்தச் சந்தையில் வாங்குவாரில்லை.

"விரல்தான் அண்ணை!" என்று குலசிங்கம் கத்தினார். "அண்டைக்கு நான் விரல்தான் நீட்டினனான். உங்கட கை பிழைக்கேல்லை. துவாயை விரியுங்கோ, மீன் பழுதாகுது."

"என்டதும் விரல்தான்," என்றார் முத்தலிப். "மோதிரமுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல. விரி, கதிரவேல்."

"விரல், அண்ணே."

"விரல், விரல்."

நாலா பக்கத்திலிருந்தும் வந்தது, மீன் விலை கூவுவதுபோல, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு. ஒரு குரலிலும் நடுக்கம் இருக்கவில்லை. பிள்ளைகள் மேல் வைத்த ஆணை, வல்லாஹி, கலங்கிய கண் எல்லாம் ஒரு கூடை அறக்குளாவுக்குத் திரும்பி வந்துவிட்டன.

அவருடைய கை அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. கதிரவேல் துவாயை விரித்தார். குலசிங்கத்தின் கை உள்ளே வந்தது, ஈரமாக, வெதுவெதுப்பாக. விரல்களைத் தேடிப் பிடித்து, நின்று, யோசித்து, அழுத்தியது. அந்த அழுத்தலில் பொய்யே இல்லை. மனிதர் தன் முழு உயிரையும் அதில் வைத்திருந்தார். அதுதான் கதிரவேலுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது.

எல்லாக் கைகளையும் வாசித்து முடித்தார்.

"மீன் ஹாஜியாருக்கு," என்றார். அதுதான் உண்மை. பிறகு கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினார்.

"ராத்தா, தேசிக்காய் கிடக்கோ?"